எதிலும் இடிக்காத கொட்டகை

கட்டடம் எழும்புவதற்கு முன்பே அதற்குள் நடக்கும் சண்டையை விலக்கிவிடுவதுதான் என் உத்தியோகம்; வெளியே டிராப்ட்ஸ்மேன் என்பார்கள். ராயபுரத்தில் மாடி ஆபீஸ். சுவரும் கதவும் நாங்கள் வரைவோம். இரும்புக்காரர், தண்ணீர்க்காரர், மின்சாரக்காரர் என்று மூன்று இன்ஜினீயர்கள் அவரவர் பங்கை, அடியில் இருக்கும் கோடு தெரியும் டிரேசிங் துணியில் தனித்தனியாக வரைந்து அனுப்புவார்கள். நான் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, எது எதில் இடிக்கிறது என்று பார்க்க வேண்டும். நாலு பேருக்கு நடுவே மாட்டி, நாலு பேரிடமும் திட்டு வாங்கியவர்களுக்கு மேலே விளக்க வேண்டாம்.

நீண்ட துணி

வெள்ளைக்காரன் போனபின் திருவொற்றியூரில் கம்பெனிகள் வரிசையாக முளைத்த சமயம். ஒரு வார்னிஷ் கம்பெனிக்கு டப்பா அடைக்கும் கொட்டகை. அறுபது பெண்கள் உட்காரப்போகிற இடம். முன்னால் ஒரு கதவு, கடல் பக்கம் ஒரு கதவு. வார்னிஷ் தீப்பிடிக்க ஒரு பொறி போதும்; பின்கதவு இல்லாமல் ஆகாது.

துணிகளை விரித்தால் இரும்புக்காரரின் தூண் பின்கதவுக்குள் நிற்கிறது! கடல்காற்றின் ஈரத்தில் துணி நீண்டுவிடும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அளவை எண்ணில் எழுதுகிறோம். மனிதர் எண்ணைப் படிக்காமல், நீண்டுபோன எங்கள் துணிமேல் ஸ்கேலை வைத்து அளந்திருக்கிறார். எடுத்துச் சொன்னேன். "இரும்புக்கு ஆர்டர் போயாச்சு. நீ கதவைத் தள்ளிக்கோ" என்றார்.

தள்ளத் தள்ள

இடது பக்கம் தள்ளினேன். அங்கே மின்சாரக்காரரின் சுவிட்சுப் பலகை. அதைத் தொடவே விடமாட்டேன் என்றுவிட்டார். வலது பக்கம் போனால் சாக்கடைத் தொட்டி. தண்ணீர்க்காரரின் வீட்டு வாசலில் இரண்டு நாள் காத்துக் கிடந்தேன். "சாக்கடை நம்ம இஷ்டத்துக்குத் திரும்பாதுப்பா. கதவுக்கு என்ன, எங்கே வேணுமானாலும் போகும்" என்றார்.

பிளேடு

எங்கள் ஆபீஸ் முதலாளியிடம் போய் முறையிட்டேன். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி ஒரு நாளும் தாமதிக்க முடியாது என்றார். கதவை எடுத்துவிடச் சொன்னார். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போய்விடும். பயந்தாங்கொள்ளி நான், சவர பிளேடால் துணியில் கதவு வரைந்திருந்த மையைச் சுரண்டினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. முதலாளி எட்டிப் பார்த்து, "சுத்தமா எடுத்திருக்கே" என்றார்.

மேஸ்திரி

அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால் வரைபடத்தின் பிரிண்ட் வாங்க ஆபீஸுக்கு வந்தார் தண்டையார்பேட்டை மேஸ்திரி காதர் பாய். கதவு இருந்த பழைய பிரிண்டைப் பார்த்தவர். பின்சுவர்மேல் விரலை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேடினார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கோபிக்கவில்லை. பிரிண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எம் பொண்ணும் அங்கதான் டப்பா அடைக்க வரப்போவுது, சார். நெருப்பு வந்தா அது யாராண்ட போய் வழி கேக்கும்?" என்றார்.

அந்தக் கொட்டகையில் மட்டும் எதுவும் எதிலும் இடிக்கவில்லை என்று ஆபீஸில் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள்.