குப்பை மேட்டின் தெளிந்த தண்ணீர்

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களிடம் "வாட்டர் ட்ரீட்மென்ட்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். உண்மையில், தென்சென்னைப் புறநகரில் ஒரு குப்பை மேட்டின் அடிவாரத்தில், குப்பையிலிருந்து வடியும் கறுப்புத் தண்ணீரைச் சுத்தப்படுத்தும் பிளான்ட்டில் நான் கெமிஸ்ட். மழைத் தண்ணீர் குப்பைக்குள் இறங்கி, ஊர் வீசிய எல்லாவற்றையும் நலம் விசாரித்துவிட்டு, டிகாக்‌ஷன் நிறத்தில் கீழே வந்து சேரும். வாசனையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் இருப்பீர்கள்.

கறுப்பைப் போக்குவது பெரிய வித்தை இல்லை. தொட்டியில் கிருமிகள் கொஞ்சம் தின்னும், வடிகட்டிகள் கொஞ்சம் பிடிக்கும், தண்ணீர் தெளிந்துவிடும். தெளிந்த பிறகும் கண்ணுக்குத் தெரியாமல் துளித்துளியாகச் சில சங்கதிகள் அதில் மிச்சமிருக்கும். காலாவதியான பிபி மாத்திரை, தலைச்சாயம், கொசுவிரட்டி, முதுகுவலித் தைலம். இவற்றைப் பிடிக்கத்தான் கடைசியாக ஓர் உயரமான டாங்க் நிறைய கார்பன் வைத்திருக்கிறோம். தேங்காய் ஓட்டுக் கரிதான். எல்லாம் வந்து அதில் ஒட்டிக்கொள்ளும். தாம்பரம் ஷேர் ஆட்டோ டிரைவரே வாய்விட்டு "இடம் இல்ல" என்று சொல்லும் ஒரு கட்டம் உண்டு அல்லவா? கரிக்கும் உண்டு. எங்கள் கரி அந்தக் கட்டத்தைத் தாண்டி வெகுநாள் ஆகியிருந்தது.

வெளி லேபுக்கு சாம்பிள் அனுப்பிப் பார்த்தேன். நான் சந்தேகப்பட்ட அத்தனை பேரும் தண்ணீரில் ஆஜர். புதுக் கார்பன் வேண்டும் என்று மேனேஜரிடம் போய் நின்றேன். அவர் ஜன்னல் வழியாகத் தண்ணீர் விழும் குழாயைக் காட்டி, "நல்லா தெளிவாத்தானேமா இருக்கு?" என்றார். அவருக்குத் தண்ணீரில் கோளாறு என்றால் அது கறுப்பாக இருக்க வேண்டும், நாற வேண்டும். இரண்டும் இல்லாமல் கெட்டுப்போகிற தண்ணீரை அவர் நம்பத் தயாராக இல்லை.

இதற்குள் வீட்டுப் பிரச்னை ஒன்று சேர்ந்துகொண்டது. செம்பாக்கத்தில் எங்கள் தெரு போர் தண்ணீர் மஞ்சளாக, உப்பாக வரும். அதனால் குடிக்க கேன், மற்ற எல்லாவற்றுக்கும் லாரி. ஒருநாள் லாரி டிரைவர் எங்கள் தரையடித் தொட்டியில், அதாவது சம்ப்பில், குழாயை விட்டுக்கொண்டிருந்தபோது, எங்கே பிடிக்கிறீர்கள் என்று சும்மா கேட்டேன்.

"அந்தக் குப்ப மேடு கீதுல்ல மேடம், அதாண்ட கால்வா ஓரமா ஒரு தோப்பு. பெரிய கெணறு. ஊரே காஞ்சாலும் அது மட்டும் வத்தாது. நாவலூர் வரிக்கும் இந்தத் தண்ணிதான் போவுது. தண்ணி இன்னாமா கீது பாருங்க, கண்ணாடியாட்டம்!"

வற்றாது. எப்படி வற்றும்? அந்தக் கால்வாயில் வருடம் முழுக்கத் தண்ணீர் விடுவது எங்கள் பிளான்ட் அல்லவா! பகலெல்லாம் நான் சுத்தம் செய்து அனுப்புவதைத்தான் சாயங்காலம் என் வீட்டில் சாம்பாராகக் கொதிக்க வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் யாருக்காவது திடீரென்று பிபி குறைந்திருந்தால் அந்தப் புண்ணியத்தில் எனக்கும் பங்கு உண்டு.

வேறு லாரிக்குப் போன் போட்டேன். "அது எங்க ஏரியா இல்ல மேடம்" என்று வைத்துவிட்டார்கள். லாரிக்காரர்கள் ஊரைப் பங்கு பிரித்திருந்தார்கள். தெருக்காரர்களிடம் சொன்னேன். உப்பே இல்லாத தண்ணீரைக் குறை சொல்கிற என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். இரண்டு பிள்ளைகளை அந்தத் தண்ணீரில்தான் குளிப்பாட்டுகிறேன். பயமாக இருந்தது. கார்பன் மாற்றினால் ஒழிய வேறு வழி இல்லை.

கார்பனுக்கு அனுமதி தரவேண்டிய பெரிய அதிகாரி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருவதாகச் செய்தி வந்தது. எங்கள் பிளான்ட்டில் இதற்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. சுத்தம் செய்த தண்ணீரை விருந்தாளி ஒரு டம்ளர் குடித்துக் காட்டுவார், போட்டோ எடுப்பார்கள். டம்ளரில் இருப்பது மட்டும் கடையில் வாங்கிய கேன் தண்ணீர். மேனேஜரின் சொந்த ஏற்பாடு அது.

"சார், இந்த ஒரு தடவை நம்ம தண்ணியையே குடுப்போம்" என்றேன்.

"ஏம்மா, குடிச்சிட்டு அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"அப்ப தண்ணி சரியில்லன்னு ஒத்துக்கிறீங்களா?"

"தண்ணி நல்லாத்தான் இருக்கு. ஆனா அவர் குடிக்க வேணாம்."

அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர்தான். குடித்தார், போட்டோ எடுத்தார்கள், உதட்டைத் துடைத்துக்கொண்டார். "இவ்ளோ டேஸ்ட்டான தண்ணிக்கு எதுக்கு புதுசா கார்பன்?" என்று கேட்டுச் சிரித்தார். மேனேஜரும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழாயிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து அவர் முன்னால் வைத்தேன்.

"சார், நீங்க குடிச்சது கேன் தண்ணி. எங்க தண்ணி இதுதான்."

மேனேஜர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. அதிகாரி டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

"அதான் சார் பிரச்னையே."

"இத நீங்க குடிப்பீங்களா?"

"நாங்க இதுலதான் தினமும் சமைக்கிறோம் சார்." கால்வாய், தோப்பு, கிணறு, லாரி என்று ஒன்று விடாமல் சொன்னேன். நாவலூர் வரைக்கும்கூட அந்த லாரி போகிறது என்றேன்.

டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "என்ன கலர் லாரி?" என்றார். பச்சை என்றேன். ஒரு நிமிஷம் என்று சொல்லி வராந்தாவுக்குப் போய் வீட்டுக்குப் போன் செய்தார். "லாரி வந்தாச்சா? சரி, அந்தத் தண்ணிய யாரும் தொடாதீங்க, நான் வந்து பேசிக்கிறேன்" என்பது மட்டும் எனக்குக் கேட்டது. எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கார்பன் வந்தமாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாளில் பதில் வந்தது. தண்ணீர் தெளிவாக உள்ளது, அதிகாரி நேரில் பருகித் திருப்தி தெரிவித்தார், கார்பன் மாற்ற வேண்டிய அவசியம் தற்போது இல்லை. மேனேஜர் என்னைத் திட்டவில்லை. "இனிமே இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு லீவு எடுத்துக்கம்மா" என்றார், அவ்வளவுதான். அன்று பாத்ரூமில் போய் அழுதேன். கோபத்தில் வந்த அழுகை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, முறை இல்லாத நாளில், பச்சை லாரி எங்கள் தெருவுக்குள் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. டிரைவர் குஷியாக இறங்கினார்.

"நாவலூர்ல ஒரு ஆபீசர் வூட்ல இனிமே வோணாம்னுட்டாங்க மேடம். இன்னா பேஜாரோ, வேற லாரி ஏற்பாடு பண்ணிகினாங்களாம். அந்த லோடு இனிமே உங்க தெருவுக்குத்தான்!"

வீடு வீடாகச் சனம் வெளியே வந்தது. வாரத்துக்கு ஒரு நடை கூடுதல் என்றால் சும்மாவா! எதிர்வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானே தண்ணி டிபார்ட்மென்ட்? நீங்க பேசித்தானே வந்துச்சு? ரொம்ப தேங்க்ஸ் மேடம்."

ஆமாம், நான் பேசித்தான் வந்தது. டிரைவர் குழாயோடு காத்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து எங்கள் சம்ப் மூடியைத் திறந்துவிட்டேன்.