நாற்பத்து மூன்று வெள்ளைக் கற்கள்

எங்கள் அலுவலகத்தில் அவளை முகத்துக்கு நேரே அக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் முட்டைக்காரி என்பார்கள். அவளுக்கும் அது தெரியும். "முட்டை வியாபாரமே பண்ணியிருந்தா இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்பேன்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பதினொரு வருடமாக நான் அவளைப் பற்றி எழுதுகிறேன். நன்கொடை கேட்டு நான் தயாரிக்கும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் மூன்றாம் பக்கத்தில் அவள் படம் வரும். கீழே 'மண்ணின் காவலர்' என்று போடுவேன். இத்தனையும் எழுதிக் கிழித்த நான், அவள் வேலை செய்யும் இடத்தை ஒரு நாள்கூடப் போய்ப் பார்த்ததில்லை. இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஏரிகளையும் அவற்றை நம்பிப் பிழைக்கும் உயிர்களையும் பாதுகாப்பது எங்கள் சங்கத்தின் வேலை. டயர் கடைக்கு மேலே மூன்று அறைகள். ஒன்றில் இயக்குநர், ஒன்றில் நான், மூன்றாவதில் பழைய விழாக்களின் பேனர்கள். எதைக் கேட்டாலும் "பார்ப்போம்" என்பதால் இயக்குநருக்குப் பார்ப்போம் சார் என்று பெயர். மின்விசிறி ஓடவில்லை என்றாலும் பார்ப்போம், சம்பளம் வரவில்லை என்றாலும் பார்ப்போம்.

முட்டைக்காரி எங்களிடம் வருவதற்கு முன்பே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவள். ஏரியில் தண்ணீர் வற்றியதும் கரையோரம் பெரிய பொட்டல் தெரியும். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலடியில் ஏதோ நொறுங்கியது. பார்த்தால் முட்டை. மண் நிறத்தில், கறுப்புப் புள்ளிகளோடு. பக்கத்தில் நின்று பார்த்தால்கூடக் கல்லா முட்டையா என்று தெரியாது. ஆட்காட்டிக் குருவிகள் மரத்தில் கூடு கட்டாது. வெறும் தரையைச் சீய்த்து நாலு முட்டை வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்கு அந்தக் குருவி வீட்டு வாசல்வரை கத்திக்கொண்டே பின்னால் வந்ததாம். "எங்க மாமியார்கூட அப்படித் திட்டினதில்ல" என்பாள். மறுநாள் வீட்டுக் கதவுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயின்டில் கற்களை முக்கி எடுத்துப் போனாள். கண்ணில் பட்ட கூட்டுக்கெல்லாம் மூன்றடி தள்ளி ஒரு கல் வைத்தாள். மற்ற மேய்ச்சல்காரர்களிடமும் சொல்லி வைத்தாள். கல்லைக் கண்டால் ஆட்டை ஒதுக்கி ஓட்டிப்போவார்கள். அவ்வளவுதான் அவள் கண்டுபிடித்த வித்தை.

பிறகு சங்கம் அவளை வேலைக்கு எடுத்தது. பத்தொன்பது வருடம். மழையிலும் வெயிலிலும் தனியாக நடந்து கூடுகளை எண்ணி, நோட்டில் கோடு போட்டுக் கொண்டுவருவாள். இந்த வருடம் நாற்பத்து மூன்று கூடுகள்.

இந்த நேரத்தில்தான் ஒரு பெரிய கம்பெனி மரம் நடப் பணம் தர முன்வந்தது. பத்தாயிரம் கன்றுகள். முதன்முறையாகப் பார்ப்போம் சார் "உடனே" என்று சொன்னதைக் கேட்டேன். இடம் எங்கே என்று பேச்சு வந்தபோது ஏரிப் பொட்டல் என்றார். கூட்டத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்த முட்டைக்காரி எழுந்தாள்.

"சார், அது மரம் இருக்குற எடமில்ல. மரம் வந்தா காக்கா வந்து உக்காரும். மேல இருந்து பாத்துப் பாத்து முட்டைய எடுக்கும். அப்புறம் ஒரு குருவி தங்காது."

"சும்மா கெடக்குற மண்ணுக்கு எவன்மா காசு குடுப்பான்? மரம்னா படம் எடுக்கலாம். வெறும் தரைய எப்படிப் படம் எடுக்குறது?"

"சும்மா கெடக்குதா? நான் அங்க பத்தொம்பது வருசமா என்ன சார் பண்ணிக்கிட்டு இருக்கேன்?"

கடைசியில் பொட்டலைத் தொடுவதில்லை, கரை ஓரத்தில் மட்டும் நடுவது என்று முடிவானது. அவள் நம்பினாள். அந்த மாதமே கணவனுக்குக் கண் அறுவை சிகிச்சை. இரண்டு நாள் விடுப்பு கேட்டு என் மேஜைக்கு வந்தாள்.

"ரெண்டு நாள் யாரும் பொட்டல்ல கால் வைக்காம பாத்துக்கோம்மா. முட்டை எல்லாம் பொரியப்போற நேரம்."

"நீங்க நிம்மதியாப் போய்ட்டு வாங்கக்கா. நான் இருக்கேன்ல" என்றேன். இருந்தேன். நாற்காலியில்.

குழி வெட்டும் ஒப்பந்தக்காரருக்குக் கடிதம் அனுப்பியதும் நான்தான். எங்கள் சங்கம் மரம் நடும் இடத்தில் எல்லாம் வெள்ளை பூசிய கல்லைத்தான் அடையாளமாக வைக்கும். எத்தனையோ முறை அனுப்பிய பழைய கடிதம், தேதியை மட்டும் மாற்றினேன். 'வெள்ளைக் கல் உள்ள இடங்களில் குழி எடுக்கவும்.' கரையோரம் மட்டும் என்று ஒரு வரி சேர்க்க எனக்குத் தோன்றவில்லை. ஒப்பந்தக்காரர் ஆள் டிராக்டரைக் கொண்டுவந்தான். கரையில் வெள்ளைக் கல் இருந்தது, தோண்டினான். பொட்டலிலும் வெள்ளைக் கல் இருந்தது, தோண்டினான். அவன்மேல் என்ன தப்பு? கடிதத்தில் இருந்ததைச் செய்தான்.

மூன்றாம் நாள் காலையில் முட்டைக்காரி மாடிப்படி ஏறி வந்தாள். தோளில் ஒரு கோணிப்பை. என் மேஜைமேல் அப்படியே கவிழ்த்தாள். கற்கள் உருண்டு கணினியில் மோதின, என் தேநீர்க் கோப்பை உடைந்தது.

"எண்ணு" என்றாள்.

"அக்கா, என்ன இது?"

"எண்ணுன்னு சொல்றேன்ல! எழுதத் தெரியுது, எண்ணத் தெரியாதா? நாப்பத்து மூணு. ஒவ்வொன்னும் ஒரு கூடு. கல்லு இருந்த எடத்துல குழி. பக்கத்துல இருந்த கூட்டு மேல குழி மண்ணு. சிலது மேல சக்கரம் ஏறியிருக்கு. என் கையால வச்ச கல்லு! நான் கல்லு வைக்காம இருந்திருந்தா பாதியாவது பொழச்சிருக்கும்."

எனக்கு உடனே புரியவில்லை. அலமாரியிலிருந்து போன வருட அறிக்கையை எடுத்துப் புரட்டினேன். பதினான்காம் பக்கம்: 'ஒவ்வொரு கூட்டுக்கும் மூன்றடி தள்ளி வெள்ளை பூசிய கல் வைத்து அடையாளமிடப்படுகிறது.' அதற்கு முந்தைய வருடமும் பதினான்காம் பக்கம். அதற்கு முன்பும். பதினொரு வருடமாக அந்த வாக்கியத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வெட்டி ஒட்டிய மகராசி நான்தான். ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

சத்தம் கேட்டுப் பார்ப்போம் சார் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நாய்ங்க கலைச்சிருச்சுன்னு எழுதிக்கோம்மா. குழி எடுத்தது எடுத்ததுதான். வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரங்க வர்றாங்க. நட்டுருவோம்."

"நாயா?" முட்டைக்காரியின் குரல் உடைந்தது. "நாய் வந்திருந்தா நான் கல்லெடுத்து எறிஞ்சிருப்பேன் சார். உங்கள என்ன பண்றது?" அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "இப்பவும் ஒரு வழி இருக்கு. முட்டை போனா இந்தக் குருவி மறுபடி வைக்கும். பருவம் இன்னும் முடியல. குழிய மூடிட்டு ரெண்டு வாரம் மனுச வாடையே இல்லாம விட்டா வைக்கும். மரத்த நட்டுட்டா எப்பவும் கெடையாது."

"மரம் நடலைன்னா பணத்தத் திருப்பிக் கேப்பாங்க" என்றார் சார். "அப்புறம் உன் சம்பளமும் இல்ல, இவ சம்பளமும் இல்ல."

"என் சம்பளத்தக் கொண்டுபோய்க் குழியில போடுங்க" என்றாள். கீழே விழுந்திருந்த ஒரு கல்லைக் காலால் தள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

அவர் அறைக்குள் போனதும் நான் கம்பெனிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். வேலை போனால் போகட்டும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். கடிதம் என்னுடையது என்றும் சொன்னேன். எதிர்முனையில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்போ மரத்தை வேற எடத்துல வைக்கலாமே. ஆஸ்பத்திரி வளாகம், பள்ளிக்கூடம், எதுவா இருந்தாலும் எங்களுக்கு ஓகே. அந்த எடம்தான் வேணும்னு நாங்க கேக்கவே இல்லையே?"

இவ்வளவுதான். ஐந்து நிமிடப் பேச்சு. கூட்டம் நடந்த அன்றைக்கே எங்களில் ஒருத்தர் வாயைத் திறந்து கேட்டிருந்தால் நாற்பத்து மூன்று கூடும் அப்படியே இருந்திருக்கும். கேட்டால் பணம் போய்விடுமோ என்று நாங்களே பயந்து, நாங்களே முடிவு செய்து, நாங்களே தோண்டிவிட்டோம். போனை வைத்துவிட்டுக் கோபத்தில் அழுதேன். யார்மேல் கோபம் என்று கேட்டால் முதல் ஆளாக என்னைத்தான் சொல்வேன்.

குழிகளை மூட ஆள் வேண்டாம் என்று முட்டைக்காரி சொல்லிவிட்டாள். டிராக்டரும் வேண்டாம் என்றாள். அவளும் கண்ணில் கட்டோடு அவள் கணவனும் மண்வெட்டியால் மூன்று நாள் மூடினார்கள். கன்றுகள் ஆஸ்பத்திரி வளாகத்துக்குப் போயின. படம் நன்றாக வந்தது.

ஒரு மாதம் கழித்து முதன்முதலாக நான் ஏரிக்குப் போனேன். கரையில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். நான் இறங்கப் போனதும் கையை நீட்டித் தடுத்தாள். "அங்கேயே நில்லு." பொட்டலில் எங்கோ ஓர் ஆட்காட்டி கத்தியது. ஒரு வெள்ளைக் கல்கூடக் கண்ணில் படவில்லை.

"முட்டை வச்சிருக்கா, அக்கா?"

"வச்சிருக்கு."

"எத்தனை கூடு?"

"இருக்கு."

"எங்கெங்கன்னு ஒரு படம் போட்டுக் குடுத்தீங்கன்னா..."

"எனக்குத் தெரியும். போதும்."

"உங்களுக்கு ஒடம்புக்கு ஏதாவது ஒன்னுன்னா? யாருக்குமே தெரியாமப் போயிடுமேக்கா."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "போகட்டும். உங்களுக்குத் தெரியிறதுக்கு அது எவ்வளவோ தேவலை."

கோபித்துக்கொள்ள எனக்கு ஏது வாய்? திரும்பி வந்து அறிக்கையைத் திறந்தேன். பதினான்காம் பக்கத்து வாக்கியத்தை அழித்தேன். கூடுகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் எழுதினேன்: 'தெரிந்தவர் சொல்ல மறுத்துவிட்டார். காரணம் நாங்கள்.'

இயக்குநர் படித்துவிட்டு என் மேஜைக்கு வந்தார். "இந்த வரிய எடுத்துரும்மா. பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?"

"பார்ப்போம் சார்" என்றேன்.