செல்லம்மாள் கொடுத்தனுப்பிய டப்பா

செல்லம்மாள் தன் புருஷனுக்குக் கொடுத்தனுப்பிய பழனிப் பஞ்சாமிர்தத்தை விற்று, அந்தக் காசில் நான் கொழும்பு நகரத்தைச் சுற்றிப் பார்த்தேன்.

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். மற்றதை முன்னால் சொன்னால் நீங்கள் என்மேல் இரக்கப்பட்டாலும் படுவீர்கள். எனக்கு அது வேண்டாம்!

அப்போது நான் கோடைக்கானலில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சமையல்காரன். துரை குடும்பத்தோடு சீமைக்கே திரும்பிப் போனார். கப்பல் கொழும்பிலிருந்து. பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள என்னையும் கூட்டிப்போனார். விடியற்காலையில் கப்பல் புறப்பட்டுவிடும். ஊர் திரும்பப் படகுத்துறைக்குப் போகும் ரயில் எனக்கு ராத்திரிதான். நடுவே ஒரு முழுப் பகல் எனக்கே எனக்கு!

கோடைக்கானல் நாயுடுபுரத்தில் என் அடுத்த வீடு செல்லம்மாள். அவள் புருஷன் கருப்பையா கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்த்தான். மூன்று வருஷமாக ஊருக்கு வரவில்லை. கடைசியாக வந்த கடிதத்தில் இருமல் விடவில்லை என்று எழுதியிருந்தான். அதைக் கேட்ட மறுநாளே அவள் வில்பட்டி வழியாக நடந்தே பழனிக்கு இறங்கி, கூந்தல் நுனியை நறுக்கிப் பூமுடி கொடுத்து, ஒரு டப்பா பஞ்சாமிர்தமும் விபூதிப் பொட்டலமும் வாங்கி வந்தாள்.

"அண்ணே, அவரு நாக்குல படணும்னு நேந்துக்கிட்டு வாங்கியாந்தது. அங்கன ஆயிரம் சோலி கெடந்தாலும் வெள்ளனே போயி இதக் குடுத்துருங்க. அன்னைக்கி எங்கயும் போகாமக் கடையிலயே இருக்கச் சொல்லி எழுதிப் போட்ருவமா?"

அவளுக்கு எழுதத் தெரியாது. அந்தக் கடிதத்தை எழுதியவன் நான்தான். 'எங்கும் போகாமல் கடையிலேயே இரு' என்று என் கையால் எழுதினேன்.

கப்பல் போயிற்று. துறைமுக வாசலில் நின்றேன். துரை கழித்துப் போட்ட கம்பளிக் கோட்டு உடம்பில். வேர்வை ஆறாக ஓடியது. பையில் இருந்தது இரண்டு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடக் காணாது. கண்முன்னே எவ்வளவு பெரிய பட்டணம்! தலைக்கு மேல் மின்சாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் பஸ்கள்! கோடைக்கானல் ஏரியைச் சுற்றி வருவதே உலகப் பயணம் என்றிருந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்!

கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு சுவரோரம் உட்கார்ந்தேன். பக்கத்தில் டப்பா. மூட்டை சுமக்கும் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு நின்றார்.

"பழனிப் பிரசாதமா சாமி? நம்ம அப்பன் ஆத்தா காலத்துல தேயிலத் தோட்டத்துக்கு வந்தது. நாம எந்தக் காலத்துல பழனியக் காணப்போறம்? ஒரு துளி தாங்க சாமி..."

கொடுத்திருக்கக் கூடாது. திறந்தேன். ஒரு துளி தொட்டு வைத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டு, நான் கேட்காமலே என் காலடியில் ஒரு காசை வைத்துக் கும்பிட்டுப் போனார்.

என்னைச் சாமி என்றார்! துரை வீட்டில் எச்சில் தட்டு எடுப்பவனை!

அந்தக் காசு எனக்குள் என்ன செய்தது என்று எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். பசியா? பசிதான் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய்! ஊர் பார்க்கிற ஆசை. அவ்வளவுதான்.

செல்லம்மாளின் விபூதியைப் பிரித்து நெற்றியிலும் மார்பிலும் பட்டை போட்டேன். சட்டையைச் சுருட்டிக் கோட்டுக்குள் திணித்தேன். தமிழ்க் கூலிகள் இருக்கும் தெருவாகப் பார்த்து நின்று, "பழனியிலருந்து வர்றோம்... முருகன் பிரசாதம்!" என்று குரல் கொடுத்தேன். வந்தார்கள்! கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி என் காலைத் தொட்டு அழுதாள். நான் அவள் குழந்தையின் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தேன். சீ! நடுநடுவே விரலை நக்கிக்கொண்டேன். அதே விரலால்தான் அடுத்தவர் கையில் வைத்தேன். வாழைப்பழமும் வெல்லமும் நெய்யும் வெயிலில் கசிந்து முழங்கை வரை வழிந்தது, ஈ மொய்த்தது.

உச்சிப்பொழுதுக்குள் டப்பா காலி. கம்பி பஸ்ஸில் ஏறினேன். மிருகக்காட்சிசாலையில் யானை பார்த்தேன். காலிமுகத் திடலில் கடலைப் பார்த்துக்கொண்டு இறால் வடை தின்றேன். நன்றாகத்தான் இருந்தது! அதையும் மறைக்க மாட்டேன்.

சாயங்காலம் புறக்கோட்டை வழியாகத்தான் நடந்தேன். கருப்பையாவின் கடைப் பலகை மட்டும் கூட்டத்துக்கு மேலாகத் தெரிந்தது. நாலு எட்டு வைத்தால் வாசல். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று கூசித் திரும்பிவிட்டேன்... இல்லை. அதுவும் பொய். சினிமாவுக்கு நேரமாகிவிட்டது என்று திரும்பினேன்.

ஊர் வந்து சேர்ந்ததும் செல்லம்மாள் ஓடி வந்தாள். என்ன சொன்னேன் தெரியுமா? "ஆள் நல்லாத்தான் இருக்கான். ஒன்னயத்தான் கேட்டான். என் கையாலயே ஊட்டிவிட்டேன்." ஊட்டிவிட்டேனாம்! யார் கேட்டார்கள் அந்த அலங்காரத்தை?

பத்து நாள் கழித்துக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. எந்தக் கடிதத்தையும் அவளுக்குப் படித்துச் சொல்பவன் நான்தானே. கருப்பையாவோடு வேலை செய்தவர் எழுதியிருந்தார். காய்ச்சலும் இருமலுமாக ஒரு மாதம் கிடந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள் கருப்பையா இறந்துபோனான்.

அதை அவளுக்குப் படித்துச் சொன்னேன். அடுத்த வரியைச் சொல்லவில்லை.

அடுத்த வரி இது: 'சேர்த்ததற்கு முந்தின நாளே ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டோம். ஊரிலிருந்து ஆள் வருது, நான் இல்லையென்றால் தேடிவிட்டுத் திரும்பிப் போய்விடும் என்று சொல்லி வர மறுத்தார். கடை அடைக்கும் வரை வாசலிலேயே சாய்ந்திருந்தார். யாரும் வரவில்லை.'

ஒரு நாள் முந்திப் போயிருந்தால் பிழைத்திருப்பானா? தெரியாது. யாரிடம் போய்க் கேட்பேன்? நான் யானை பார்த்த நேரத்தில் அவன் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது மட்டும் தெரியும்.

ஒரு மாதமாகக் காய்ச்சலில் கிடந்தவனை நான் 'நல்லாத்தான் இருக்கான்' என்று சொல்லியிருக்கிறேன். பிடிபட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவளோ அழுகையின் நடுவே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்ண்ணே. நான் மனசு ஒடஞ்சிருவேன்னு அவரு சொல்ல வேணாம்னுருப்பாரு. நீங்களும் மறச்சிட்டீக. போகட்டும்... கடசியில பிரசாதம் நாக்குல பட்டுத்தான போயிருக்காரு? அது போதும்ண்ணே எனக்கு. ஒங்க புண்ணியம்."

வாயைத் திறந்திருக்கலாம் அப்போது! திறக்கவில்லை. கடிதத்தையும் என்னிடமே விட்டுவிட்டாள். படிக்கத் தெரியாதவளுக்கு அது எதற்கு என்றாள். என் தகரப்பெட்டியில் இன்றும் கிடக்கிறது.

இது நடந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு வருஷமும் கருப்பையாவின் திதிக்கு முதல் இலை எனக்குத்தான். அதற்கென்றே அவள் பழனிக்குப் போய் வருகிறாள். இலையின் ஓரத்தில் ஒரு கரண்டிப் பஞ்சாமிர்தம் வைத்து, "அவருக்கு ஊட்டுன கையி. மொதல்ல நீங்க எடுத்து வாயில வைங்கண்ணே," என்று எதிரே நிற்பாள். நான் விழுங்கும்வரை நிற்பாள்.

விழுங்குகிறேன். வீட்டுக்கு வந்து கொல்லையில் வாந்தி எடுக்கிறேன். அந்த நெய் வாடை விரலை விட்டுப் போக மூன்று நாளாகிறது.

நாளைக்குத் திதி. சற்றுமுன் வந்து சொல்லிவிட்டுப் போனாள். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.