நாற்பத்தைந்துக்கு முப்பத்தெட்டு

முப்பத்தெட்டு என்று சொன்னதும் எங்கள் சந்தில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். "பாஸ் ஆயிட்டால்லா?"

கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. இங்கே போர்டு பரீட்சையில் முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். அந்தக் கணக்குப்படி முப்பத்தெட்டு எடுத்தவள் மயிரிழையில் தப்பித்தவள். என் மகள் எழுதியது நூற்றுக்கு இல்லை, நாற்பத்தைந்துக்கு என்று முதலில் போன வாசல்களில் எல்லாம் நின்று விளக்கினேன். நான் விளக்கி முடிப்பதற்குள் அவர்கள் பேடாவை வாயில் போட்டுக்கொண்டு, "விடுங்க, காலேஜ்ல நல்லா படிப்பா" என்று ஆறுதல் சொல்லிவிடுவார்கள். அந்த ஆறுதலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கையில் இனிப்புப் பெட்டியோடு நிற்கிறவனுக்கு எதற்கு ஆறுதல்?

எனக்குத் தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய சந்தில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் ரோட்டுக்குப் போகும். ஊரில் எந்தப் பிள்ளை எத்தனை பர்சன்ட் வாங்கியது என்பதும் பெரும்பாலும் எனக்குத்தான் முதலில் தெரியும். எங்கள் ஊர்க்காரர்கள் நடத்தும் சங்கம் ஒவ்வொரு வருடமும் மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொண்ணூறு பர்சன்ட்டுக்கு மேல் வாங்கிய பிள்ளைகளை மேடையில் ஏற்றி சால்வை போடும். அதற்கு முந்தின நாளே அந்தப் பிள்ளைகளின் படமும், படத்துக்குக் கீழே பர்சன்ட்டும் போட்ட பெரிய பேனர் ரோட்டில் ஏறிவிடும். படத்தைவிட நம்பர் பெரிதாக இருக்க வேண்டும் என்பது சங்கச் செயலாளரின் உத்தரவு. இருபது வருடமாக நானும் அப்படியே அடித்துக் கொடுக்கிறேன். அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரிந்ததில்லை.

என் மகளும் பத்தாம் வகுப்பில் அந்த பேனரில் இருந்தாள். முனிசிபாலிட்டி பள்ளியில் படித்து தொண்ணூற்று நாலு. அந்த மார்க்கைப் பார்த்துத்தான் ஓர் அறக்கட்டளை அவளைச் செம்பூரில் ஒரு பெரிய பள்ளியில் சேர்த்துவிட்டது. அங்கே நம் போர்டு கிடையாது. வெளிநாட்டிலிருந்து கேள்வித்தாள் வரும் டிப்ளமோ, இரண்டு வருடப் படிப்பு.

முதல் வாரமே ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள். ஆறு பாடம். ஒவ்வொன்றுக்கும் ஏழு. மொத்தம் நாற்பத்திரண்டு. அதற்கு மேல் ஒரு பெரிய கட்டுரையும், இன்னொரு பாடமும். அந்த இரண்டுக்கும் சேர்த்து மூன்று.

"அது என்ன பாடம்?"

"நமக்குத் தெரிஞ்சதா நெனைக்கிறது நமக்கு எப்படித் தெரியும்னு ஒரு பாடம்ப்பா."

"இதையெல்லாமா சொல்லிக் குடுக்கான்?"

"சிரிக்காதீங்க. அதாவது, இருக்கறதிலயே அதான் கஷ்டம்."

நான் சிரித்தேன். அந்தப் பாடத்தை அவள் அல்ல, நான் படித்திருக்க வேண்டும்.

பெரிய கட்டுரைக்கு அவள் எடுத்துக்கொண்டது எங்கள் சந்துத் தண்ணீர். ஐந்து சந்தில் குழாயில் தண்ணீர் எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது என்று நாலு மாதம் விடியற்காலையில் நோட்டோடு போய் நின்றாள். வரிசையில் நின்ற பெண்கள், "எந்த ஆபீஸ்ல இருந்து அனுப்பிச்சாங்க? எழுதுனா தண்ணி கூடுதலா வருமா?" என்று அவளைக் கலாய்த்தார்கள். எழுதிவிட்டு வந்து குளித்து, சயானில் பஸ் பிடித்து, செம்பூர் போவாள். சாயங்காலம் மாட்டுங்காவில் ஒரு வாசகசாலையில் உட்கார்ந்து படித்துவிட்டு கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடந்தே வருவாள். இரண்டு வருடமும் இதுதான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்ததற்கும் அவளுடைய நம்பருக்கும் சம்பந்தம் உண்டு என்று மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

ரிசல்ட் வந்தது ஜூலையில், ஒரு மழைநாள் சாயங்காலம். என் கடை கம்ப்யூட்டரில்தான் பார்த்தாள். பாதி முடிந்திருந்த ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரை ஒதுக்கி வைத்துவிட்டு நான் எழுந்து இடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, முப்பத்தெட்டு."

நான் செய்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன். மேஜையில் கிடந்த கால்குலேட்டரை எடுத்தேன். முப்பத்தெட்டை நாற்பத்தைந்தால் வகுத்து நூறால் பெருக்கினேன். எண்பத்து நாலு புள்ளி நாலு நாலு வந்தது.

"பத்தாவதுல தொண்ணூத்தி நாலுல்லா ஏட்டி. பத்து கொறஞ்சிட்டே."

"அப்படி வகுக்கக் கூடாதுப்பா. இது வேற. இங்க ஏழுன்னா நூத்துக்கு நூறு இல்ல." நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டாள். "விடுங்க. அம்மாட்ட சொல்லிட்டு வாரேன்."

அவள் அம்மா மாட்டுங்காவில் ஒரு கேட்டரிங் சமையற்கட்டில் வேலை பார்க்கிறாள். அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். அவள் கணக்கெல்லாம் போடவில்லை. "நீ நெனச்சது வந்துச்சா?" என்று கேட்டாளாம். "நெனச்சதவிட ரெண்டு கூடம்மா" என்று இவள் சொன்னாளாம். பேடா வாங்கிவரச் சொல்லி என்னைக் கடையிலிருந்து கிளப்பியது அவள்தான்.

அப்படித்தான் நானும் மகளும் பெட்டியோடு வாசல் வாசலாகப் போனோம். மூன்று வீட்டில் "பாஸ் ஆயிட்டால்லா?" வந்தது. நாலாவது வீட்டில் எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே, "எம்பத்தி நாலு பர்சன்ட்" என்று சொல்லிவிட்டேன். உடனே அந்த வீட்டு முகங்கள் மலர்ந்தன. "பரவால்லியே, நல்ல மார்க்குதான்." அடுத்த வீட்டிலும் அதையே சொன்னேன். அங்கும் சிரிப்பு. எனக்கும் வேலை சுலபமாக இருந்தது. ஆறாவது வீட்டு வாசலில் மகள் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க குடுத்துட்டு வாங்க" என்று திரும்பிப் போய்விட்டாள். கால் வலி என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து சான்றிதழ் விஷயமாக அவளோடு செம்பூர் பள்ளிக்குப் போனேன். அங்கேயும் எல்லார் வாயிலும் நம்பர்தான். வராந்தாவில் ஒரு பையனின் அம்மா போனில் பேசிக்கொண்டு அழுதார். பையன் நாற்பத்தொன்றாம். நாற்பத்தொன்றை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று அழுகை. இன்னொரு அம்மா என் மகளை அடையாளம் கண்டு, எவ்வளவு என்று கேட்டார். இவள் சொன்னாள். அந்த அம்மா கண்ணை விரித்து, என்னைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னார். "இவளோட பின்னணிக்கு இது ரொம்ப ரொம்ப நல்ல ஸ்கோர்." எனக்குப் புரியாது என்று நினைத்திருக்கலாம். இங்கிலீஷில் பேனர் அடிக்கிறவனுக்கு அவ்வளவும் புரியும். அவர் பையனுக்கு எவ்வளவு என்று பதிலுக்குக் கேட்டேன். முப்பத்தாறு, பரீட்சை சமயத்தில் காய்ச்சல் என்றார்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. பின்னணிக்கு நல்ல ஸ்கோராம். அந்தப் பையன் என்றைக்காவது தண்ணீர் வரிசையில் நின்றுவிட்டுப் பரீட்சைக்குப் போயிருப்பானா? அவனுக்குக் காய்ச்சல் வந்தால் அது காரணம். என் மகளுக்குத் தாராவியே காரணம். அவன் வாங்கினால் அது மார்க், இவள் வாங்கினால் அது அதிசயம். சயான் வரும்வரை இதையே திட்டித் தீர்த்தேன். மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளைப் பேசவே விடவில்லை நான்.

ஆகஸ்டில் சங்கத்துப் பட்டியல் வாட்ஸாப்பில் வந்தது. பதினேழு பிள்ளைகள். என் மகள் இல்லை. செயலாளருக்கு எங்கள் ரோட்டிலேயே பலசரக்குக் கடை. நேரே போய்க் கேட்டேன்.

"அண்ணாச்சி, எம்பத்தி நாலுன்னு ஊரெல்லாம் சொன்னது நீங்கதான? நம்ம ரூலு தொண்ணூறுல்லா."

"அது வேற பரீட்சை அண்ணாச்சி. நம்ம பிள்ளைங்க யாரும் எழுதுனதில்ல."

"அத மேடையில நின்னு நான் வெளக்க முடியுமா? ஒண்ணு செய்யுங்க. நெட்ல எதுவும் டேபிள் கெடக்கும், இது இத்தன பர்சன்ட்டுக்குச் சமம்னு. தொண்ணூறுக்கு மேல வந்துச்சுன்னா போட்டுருங்க. அடிக்கது நீங்கதான, எவன் வந்து கேக்கப் போறான்?"

டேபிள் கிடைத்தது. ஒன்று இல்லை, நாலைந்து கிடைத்தன. ஒன்று சொன்னதை இன்னொன்று சொல்லவில்லை. எது பெரிதோ அதை எடுத்தேன். தொண்ணூற்றைந்து. அவளுடைய படத்துக்குக் கீழே சிவப்பில், படத்தைவிடப் பெரிதாகப் போட்டேன். பத்தாம் வகுப்பைவிட ஒன்று கூட என்று மனதுக்குள் ஒரு சந்தோஷம் வேறு. செம்பூர் அம்மாவுக்கும், "பாஸ் ஆயிட்டால்லா" கேட்டவர்களுக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டதாக நினைத்தேன். சனிக்கிழமை காலையில் பேனர் ரோட்டில் ஏறியது.

மத்தியானம் மகள் கடைக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யாரோட மார்க்குப்பா அது?"

"உன்னோடதுதான் ஏட்டி. டேபிள் இருக்கு, பாரு."

"நான் வாங்கினது முப்பத்தெட்டு."

"அதான் இது. அவங்களுக்குப் புரியணும்ல."

"புரியாட்டி போகட்டும். அந்தப் பேனர்ல தொண்ணூத்தி ஒண்ணு வாங்கினவன் நெஜமாவே தொண்ணூத்தி ஒண்ணு வாங்கியிருக்கான். நான் மட்டும் பொய் வாங்கியிருக்கேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உனக்காகத்தான செஞ்சேன்? மேடையில ஏற வேண்டாமா நீ?"

"எனக்காக இல்லப்பா. உங்களுக்கு முப்பத்தெட்டுன்னு சொல்ல வெக்கமா இருக்கு."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தி முடித்திருப்பேன். சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கிரகப்பிரவேசத்துக்குப் பேனர் அடிக்க வந்த ஒருவர் பக்கத்தில் நின்றார். அவரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சங்கத்தின் மேல் கோபம், செயலாளர் மேல் கோபம், சந்தின் மேல், செம்பூரின் மேல். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அவர்கள் யாரும் அவள் மார்க்கை மாற்றவில்லை. பாதியாய்ப் புரிந்துகொண்டார்கள், ஏளனமாய்ப் புரிந்துகொண்டார்கள். மாற்றியது நான் ஒருவன்தான். அதுவும் இரண்டு தடவை, ஒரு தடவை கீழே, ஒரு தடவை மேலே.

கடையில் மிச்சம் கிடந்த வெள்ளை வினைல் ஸ்டிக்கரில் "38/45" என்று அடித்து வெட்டினேன். ஏணியை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனேன். சனிக்கிழமை சாயங்காலக் கூட்டம், எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். கீழிருந்து ஒருவர், "அந்தப் பிள்ளைக்கு மார்க்க கொறைக்கீங்களே அண்ணாச்சி" என்றார். தொண்ணூற்றைந்தின் மேல் ஒட்டிவிட்டு இறங்கினேன்.

மறுநாள் காலை விழாவுக்கு முன்னால் செயலாளர் கடைக்கு வந்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டீங்க? ரோட்ல போறவனெல்லாம் முப்பத்தெட்டு வாங்குன பிள்ளைக்குப் பேனரான்னு கேக்கான். அந்த ஸ்டிக்கர உரிச்சிருங்க. மேடைக்கு நான் கூப்பிடுதேன்."

"உரிக்க மாட்டேன்."

"அப்ப கூப்பிட முடியாது. பொறவு என்னச் சொல்லக் கூடாது."

"கூப்பிட வேண்டாம். பதினேழு பேருக்கும் சால்வை போடுங்க. அடுத்த வருசம் பேனரையும் வேற கடையில பாத்துக்கிடுங்க."

அவர் முறைத்துவிட்டுப் போனார். பதினேழு பிள்ளைகளும் மேடை ஏறினார்கள். ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பர்சன்ட்டாகச் சொல்வது கடைவரை கேட்டது. தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம்வரை சொன்னார்கள்.

மத்தியானம் வீட்டுக்குப் போனேன். மகள் தரையில் உட்கார்ந்து கல்லூரிக்கான காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன்.

"பேனர்ல முப்பத்தெட்டுன்னு ஒட்டிட்டேன் ஏட்டி. மேடைக்குக் கூப்பிடல."

"பாத்தேன்பா."

"நல்ல மார்க்கு."

காகிதத்தை அடுக்குவதை அவள் நிறுத்தவில்லை.

"ரிசல்ட் அன்னைக்கு நான் ஒங்க மூஞ்சியத்தான் பாத்தேன்," என்றாள். "நீங்க கால்குலேட்டரப் பாத்தீங்க."