நடவு வயலில் ஒரு சொம்புத் தண்ணீர்

முழங்கால் சேற்றில் நின்று நாற்று நடுகிற பெண்களிடம், "வேலை நேரத்துல தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

கேட்டது மருத்துவக் கல்லூரி டாக்டர். வெயிலில் உழைப்பவர்களின் சிறுநீரகத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்ய, தன்னிடம் படிக்கும் ஒரு பெண்ணோடு மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்திருந்தார். "குடிக்கிறோங்க" என்றோம் எல்லோரும். ஆம்பளை டாக்டரிடம் வேறு என்னத்தைச் சொல்வது? ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு டீகூட வாங்கித் தரவில்லை என்று நான் முணுமுணுத்தேன்.

பிறகு என் அண்ணியை மட்டும் திரும்பக் கூப்பிட்டார்கள். அண்ணன் போனபின் எனக்குத் தாய்வீடு என்று இருப்பவர் அவர் ஒருவர்தான். சிறுநீரகம் கெட ஆரம்பித்திருக்கிறதாம். "சர்க்கரை இல்ல, பிரஷர் இல்ல. காரணம் தெரியாம விட்டா டயாலிசிஸ் வரைக்கும் போயிடும்மா" என்றார் டாக்டர். பஸ்ஸில் வழியெல்லாம் அழுதது நான். கடலை வாங்கிக் கொடுத்துத் தேற்றியது அண்ணி.

குறுவை நடவின்போது டாக்டரிடம் படிக்கும் அந்தப் பெண் வெயிலை அளக்கும் கருவியோடு வயலுக்கு வந்தாள். காலையிலிருந்து வரப்பிலேயே நின்றாள். பெரிய பாட்டில் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தாள். வெயில் ஏறியதும் மெல்ல என் பக்கம் குனிந்து, "அக்கா, இங்க பாத்ரூம் எங்க இருக்கு?" என்றாள்.

நடவு ஆட்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டோம். கண்ணுக்கெட்டிய தூரம் வயல். மறைய ஒரு செடி இல்லை. வரப்பில் நாற்றுமுடி சுமக்கும் ஆண்கள், பக்கத்து வயலில் டிராக்டர். அண்ணிதான் இடுப்பைப் பிடித்து நிமிர்ந்து சொன்னார்: "அதுக்குத்தாம்மா நாங்க தண்ணியே வாயில வைக்கிறதில்ல. எல்லாம் சாயங்காலம் வீட்டுக்குப் போயித்தான்."

ஆற்றில் போகிற தண்ணீரை அய்யா குடி, அம்மா குடி என்பார்கள். அம்மா குடித்தால் எங்கே போவாள் என்று எவனாவது கேட்டானா?

சேலையை விரித்துப் பிடித்து அவளுக்கு மறைவு கட்டினோம். வெளியே வந்தவள் சிரிக்கவில்லை. வரப்பில் உட்கார்ந்து டாக்டருக்குப் போன் போட்டாள். "சார், நாம கேள்விய மாத்திக் கேக்கணும் சார்."

மாற்றித்தான் கேட்டார்கள், அந்தப் பெண்ணையே கேட்க வைத்து. அத்தனை பேரும் உண்மையைக் கொட்டினோம். டாக்டர் அண்ணியிடம், "இது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்த வெயில்ல தண்ணியில்லாம இனிமே நிக்கவே கூடாது" என்றார். அதோடு விடாமல் பஞ்சாயத்துக்கு அவரே நடையாய் நடந்தார். சம்பா நடவுக்குள் வாய்க்கால் ஓரம், மோட்டார் கொட்டகையை ஒட்டி, உள்தாழ்ப்பாளோடு ஒரு கழிப்பறை நின்றது. அந்தத் தாழ்ப்பாளை நான் போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தேன். அந்தப் பெண் எங்கிருந்தாலும் நல்லா இருக்கணும். டீ வாங்கித் தராததையும் மன்னித்துவிட்டேன்.

போன மாதம் அண்ணிக்கு மறுபடி ரத்தம் பார்த்தார்கள். "மேல கெடலம்மா, அப்படியே நிக்குது" என்றார் டாக்டர்.

நேற்று நடவில், உச்சி வெயிலில் அண்ணி நிமிர்ந்தார். நான் நீட்டிய சொம்பை வாங்கி, ஆண்கள் நிற்கிற பக்கம் பார்க்காமல் அண்ணாந்து குடித்தார். கழுத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. காலிச் சொம்பை என்னிடமே நீட்டினார்.

"இன்னொரு சொம்பு ஊத்து."