பின்னோக்கி உருண்ட கார்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது இது. பலாங்கொடை டவுனைத் தாண்டி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் பாதை மேலே ஏறத் தொடங்கும் இடத்தில் என் கராஜ் இருக்கிறது. நான் தோட்டத்தில் பிறந்தவன். பதினெட்டு வயதில் கொழும்புக்குப் போய், ஒரு பெரிய கராஜில், தானாக மாறும் ஓட்டோ கியர் பிரிவில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தேன். ஊருக்குத் திரும்பியபோது இந்தப் பக்கத்தில் அந்த வேலை தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை. இரத்தினபுரியிலிருந்துகூட வண்டிகள் என்னைத் தேடி வரும். அந்தப் பெருமை என் தலைக்கு ஏறியிருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வாரம் வந்தது ஒரு பழைய ஜெர்மன் கார். இருபத்தைந்து வயது இருக்கும். தோல் இருக்கைகள், மரப் பலகை பதித்த டேஷ்போர்ட் என்று ஒரு காலத்தில் ராஜா மாதிரி ஓடிய வண்டி. இரத்தினக்கல் வியாபாரம் செய்த ஒருவர் நல்ல காலத்தில் வாங்கியது. அவர் பக்கவாதத்தில் விழுந்த பிறகு அவருடைய மனைவிதான் அதை ஓட்டிக்கொண்டிருந்தார். மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் டீச்சர். ஐம்பது வயது தாண்டிய முஸ்லிம் பெண்மணி. தினமும் அந்த வளைந்த பாதையில் ஏறி இறங்குவார். வெளிநாட்டு வண்டிகளின் இறக்குமதி நின்றிருந்த காலம் அது. எல்லோரும் கையில் இருப்பதைத்தான் செய்து செய்து ஓட்டினார்கள்.

அவர் இரண்டு குறைகள் சொன்னார். ஏற்றத்தில் வண்டி நடுங்குகிறது, என்ஜின் சத்தம் ஏறுகிறது, ஆனால் வேகம் வருவதில்லை. இது முதலாவது. அதைக் கேட்ட உடனேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது. இரண்டாவதை அவர் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்.

"இன்னொண்டும் இரிக்கி மகன். P-ல போட்டுட்டுக் காலை எடுத்தா, சில நேரம் டக்கெண்டு ஒரு சத்தம் கேக்குது. வண்டியும் கொஞ்சம் நகருது."

நான் சிரித்தேன். "எல்லா ஓட்டோ வண்டியும் கொஞ்சம் ஆடித்தாங்க டீச்சர் நிக்கும். அதுக்கெல்லாம் பயப்படாதீங்க."

நான் சொன்னது முழுப் பொய் இல்லை. P என்ற நிறுத்தும் நிலையில் வண்டி சற்று அசைந்து நிற்பது வழக்கம்தான். ஆனால் அவர் எவ்வளவு நகருகிறது என்று சொல்ல வாயெடுத்தபோது நான் பொனட்டைத் திறந்துவிட்டேன். அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

கியர் ஒயிலை ஒரு சொட்டு விரலில் எடுத்து முகர்ந்தேன். சிவப்பாக இருக்க வேண்டியது கறுத்துப்போய், கருகிய வாடை அடித்தது. வண்டியைத் தூக்கி, கியர் பொக்ஸின் அடித் தட்டைக் கழற்றினேன். ஃபில்டர் சேறு மாதிரி அடைத்திருந்தது. எல்லாவற்றையும் கழுவி, புது ஃபில்டர் போட்டு, புது ஒயில் ஊற்றினேன். அந்த வேலையில் என்னிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது.

தட்டைக் கழற்ற இடைஞ்சலாக இருந்ததால் ஒரு கம்பியைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தேன். உள்ளே நாம் பிடித்து மாற்றும் கியர் தடிக்கும், கீழே கியர் பொக்ஸுக்கும் உள்ள தொடர்பு அந்த ஒற்றைக் கம்பிதான். அதன் முனையில் விரல் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் புஷ், கம்பி ஆடாமல் பிடிக்கும் வளையம், இருக்கும். திரும்ப மாட்டும்போது அதைத் தொட்டுப் பார்த்தேன். தேய்ந்து லொடலொடத்தது. ஓரத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பும் இருந்தது. அந்தச் சின்னச் சாமானைத் தேடி யார் கொழும்புக்குப் போவது, அடுத்த சேர்விஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து அப்படியே அழுத்தி மாட்டிவிட்டேன்.

சனிக்கிழமை பாடசாலை இல்லை. வண்டியை மலைப் பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றதும் டீச்சரும் வந்தார். எந்த இடத்தில் நடுங்கும் என்பது தனக்குத்தான் தெரியும் என்றார். நான் ஓட்டினேன், அவர் பக்கத்து இருக்கையில் இருந்தார். வண்டி வெண்ணெய் மாதிரி ஏறியது. அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. எனக்கும் உள்ளுக்குள் மார்பு நிமிர்ந்தது.

ஆறேழு வளைவுகள் ஏறிய பிறகு ஒயில் சூடாகும் வாடை இலேசாக வந்தது. தட்டின் ஓரம் எங்காவது கசிகிறதோ என்று பார்க்க நினைத்தேன். ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டி, சற்று மேலே பாதை ஓரளவு மட்டமாகத் தெரிந்த இடத்தில் நிறுத்தினேன். வலது பக்கம் மண் மேடு, அதன் காலடியில் மழைநீர் ஓடும் கான். இடது பக்கம் தேயிலை மலை சரிந்து இறங்கியது. எங்களுக்குப் பின்னால், அந்த வளைவின் விளிம்புக்கு நேர் கீழே, தகரக் கூரை போட்ட ஒரு கட்டடம். அது பிள்ளைக் காம்பரா. வேலைக்குப் போகும் தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். பிள்ளைகளின் சத்தம் மேலே வரை கேட்டது.

தடியை P-ல் போட்டேன். ஹேண்ட் பிரேக் போடவில்லை. என்ஜின் ஓடினால்தான் கசிவு தெரியும் என்று அதையும் நிறுத்தவில்லை. டீச்சரை உட்காரச் சொல்லிவிட்டு இறங்கி, கதவைச் சாத்தி, பொனட்டைத் தூக்கிக் குனிந்தேன்.

அரை நிமிடம் இருக்கும். அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். என் கை ஊன்றியிருந்த இரும்பு என்னைவிட்டு விலகியது.

முதலில் எனக்குப் புரியவில்லை. நான்தான் தடுமாறுகிறேன் என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், வண்டி பின்னால் போகிறது. வெறுமனே உருளவில்லை, ரிவர்ஸ் கியர் விழுந்து தானாகவே போய்க்கொண்டிருந்தது. திறந்த பொனட் எனக்கும் அவருக்கும் நடுவில் சுவர் மாதிரி நின்றது. அதற்குப் பின்னாலிருந்து டீச்சரின் குரல் மட்டும் கேட்டது.

"மகன்! மகன்!"

நான் வலது பக்கமாக ஓடினேன். கதவின் பிடி கைக்கு அகப்பட்டது. இழுத்துத் திறந்தேன். பின்னால் போகும் வண்டியின் திறந்த கதவுக்குள் நுழையப் போனால் என்ன ஆகும் என்று எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. கதவு என் நெஞ்சில் மோதி என்னைத் தூக்கிக் கானுக்குள் வீசியது. முழங்கை கல்லில் பட்டுக் கை மரத்துப்போனது. தலையைத் தூக்கிப் பார்த்தபோது முன் சக்கரம் என் காலடியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கால் பிரேக்கும் ஹேண்ட் பிரேக்கும் டிரைவர் பக்கம் கீழே இருந்ததால், டீச்சர் தடியை முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு பயனும் இல்லை. அந்தத் தடிக்கும் கியர் பொக்ஸுக்கும் இனி எந்தத் தொடர்பும் இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

வளைவின் விளிம்பு, கீழே தகரக் கூரை, பிள்ளைகளின் சத்தம், இவைதான் என் தலைக்குள் சுற்றின.

அப்போதுதான் வளைவில் ஒரு பெண் ஏறி வந்துகொண்டிருந்தார். தலையில் கொழுந்துச் சாக்கு. மேலே மடுவத்துக்கு நிறுக்கக் கொண்டுபோகிறார். பின்னோக்கி உருண்டு வரும் வண்டியைக் கண்டதும் அவர் ஓடி ஒதுங்கியிருக்கலாம். அவர் ஒதுங்கவில்லை. இரண்டு எட்டு முன்னால் வந்து, தலையில் இருந்த சாக்கை அப்படியே பின் சக்கரத்துக்கு அடியில் போட்டார். போட்டுவிட்டு மேட்டுப் பக்கமாகப் பாய்ந்து கத்தினார்.

"டீச்சர்! ஸ்டேரிங்க திருப்புங்க! மண்ணு பக்கம்! மண்ணு பக்கம் திருப்புங்க!"

சக்கரம் சாக்கில் ஏறித் திணறியது. சாக்கு கிழிந்து பச்சைக் கொழுந்து பாதையெங்கும் சிதறியது. அது வண்டியை நிறுத்தவில்லை, ஆனால் வேகத்தை ஒரு கணம் பிடித்து வைத்தது. அந்தக் கணத்தில் டீச்சர் பக்கத்து இருக்கையிலிருந்து சாய்ந்து, இரண்டு கையாலும் ஸ்டேரிங்கைப் பிடித்து வலது பக்கம் திருப்பினார். வண்டியின் பின்புறம் மேட்டுப் பக்கம் வளைந்தது. பின் சக்கரம் கானுக்குள் இறங்கி, பம்பர் மண்ணில் குத்தி, திறந்திருந்த கதவு மேட்டில் மோதி மடங்கி, எல்லாம் ஒரே சத்தத்தில் நின்றது. சக்கரம் மட்டும் கானுக்குள் சுற்றிச் சேற்றை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. டீச்சர் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார்.

கீழே பிள்ளைகள் ஏதோ விளையாட்டில் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. விளிம்புக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு கட்டில் போடும் அளவு இடம்தான் இருந்தது.

நான் எழுந்து நொண்டிக்கொண்டே போனேன். டீச்சரின் விரல்கள் இன்னும் ஸ்டேரிங்கை விடவில்லை. அந்தப் பெண்தான் கண்ணாடி வழியாகக் கையை விட்டு, "விட்டுருங்க டீச்சர், நின்னுருச்சு, நின்னுருச்சுங்க" என்று சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு விரலாகப் பிரித்து அவரை இறக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குரல் உயரவே இல்லை.

"எம் புள்ள கீழதாங்க பாஸ் இருக்கு," என்றார். "எட்டு மாசம்."

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன். கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. அந்த புஷ் இரண்டு துண்டாகி, ஒரு துண்டு கம்பியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அது தேய்ந்திருந்ததால், தடியை P-ல் போட்டபோது உள்ளே பூட்டு முழுதாக விழாமல் விளிம்பில் தொத்திக்கொண்டு நின்றிருக்கிறது. என்ஜின் அதிர்வில் அது நழுவி, ரிவர்ஸில் விழுந்துவிட்டது. டீச்சர் சொன்ன 'டக்' சத்தம் இதுதான்.

துண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். அப்போது என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். பழைய வண்டி, திடீரென்று உடைந்துவிட்டது என்று சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. என் பெயரும் கெடாது. சேற்றில் மல்லாந்து கிடந்தபடி அதை எப்படிச் சொல்வது என்றுகூட ஒத்திகை பார்த்தேன்.

வெளியே வந்தபோது டீச்சர் பாதையில் உட்கார்ந்து, சிதறிய கொழுந்தை அள்ளிக்கொண்டிருந்தார். அள்ளியதில் பாதி மறுபடியும் விழுந்தது.

"என்ன நடந்த மகன்?" என்று கேட்டார்.

ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை. பையிலிருந்த துண்டை எடுத்து நீட்டினேன். "நேத்து இத நான் பாத்தேன் டீச்சர். வெடிச்சிருந்துச்சு. தெரிஞ்சேதான் மாட்டினேன். என் தப்பு."

அவர் அந்தத் துண்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"நான் சொன்னன் தானே," என்றார். பிறகு, "நீங்க இத சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிரிக்காது. ஆனா சொன்னதுக்காக எனக்கு இப்ப கோபம் இல்லெண்டு நெனைக்க வாணாம்."

டீச்சர் அந்தப் பெண்ணுடன் மடுவம் வரை நடந்து போய், கொழுந்து ஏன் குறைந்தது என்று கணக்கப்பிள்ளையிடம் அவரே சொல்லிவிட்டு வந்தார். பிறகு தோட்டத்து பஸ்ஸில் ஏறிக் கீழே போய்விட்டார். என் பக்கம் திரும்பவில்லை. மதியம் ஒரு லொறியை வரவழைத்து வண்டியைக் கானிலிருந்து தூக்கினோம். கம்பியைக் கட்டிவிட்டால் நானே மெதுவாக ஓட்டிப் போகலாம்தான். ஆனால் ஸ்டேரிங்குக்கு முன்னால் உட்கார்ந்ததும் கால் பிரேக்கின் மேல் தடதடவென்று ஆடத் தொடங்கியது. லொறி டிரைவர் பார்த்துவிட்டு, சிங்களத்தில் "பய வென்ன எப்பா மல்லி" என்றார். பயப்படாதே தம்பி என்கிறார். பயந்துதான் போயிருந்தேன். இறங்கிவிட்டேன். வண்டி லொறியின் மேல்தான் கராஜுக்கு வந்தது.

திங்கட்கிழமையே கொழும்புக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி அந்த புஷ்ஷைத் தேடி வாங்கி வந்தேன். கம்பியின் அளவைச் சரிபார்த்து, கதவை நிமிர்த்தி, ஒரு வாரத்தில் வேலையை முடித்தேன். அந்த வாரம் கண்ணை மூடினால் தகரக் கூரைதான் தெரிந்தது.

டீச்சர் வந்தார். வண்டியைத் தானே ஓட்டி, என் கராஜுக்கு எதிரே உள்ள ஏற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். பிரேக்கில் கால் வைத்தபடி கண்ணாடியை இறக்கினார்.

"P-ல போட்டிரிக்கன். ஹேண்ட் பிரேக் போடல்ல. இப்ப காலை எடுக்கப் போறன்," என்றார். "நீங்க பின்னால நிப்பீங்களா மகன்?"

அது கட்டளை இல்லை, கேள்விதான். முடியாது என்று சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு வேறு கராஜுக்குப் போயிருப்பார். என் வேலையில் ஒரு குறையும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பின்னால் போய், அந்த பம்பருக்கு எதிரே நின்றபோது, பக்கத்தில் ஒதுங்க எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன். பிரேக் விளக்கு அணைந்தது. வண்டி ஒரு விரல் அளவு என்னை நோக்கி வந்தது. பிறகு அது கனமாக உட்கார்ந்ததுபோல நின்றுவிட்டது. அவர் உடனே கூப்பிடவில்லை. நானும் நகரவில்லை.

"பயமா இரிந்ததா?" என்று கேட்டார், நான் முன்னால் வந்ததும்.

"பயந்துட்டேங்க டீச்சர்."

"ம்," என்றார். அவ்வளவுதான். வண்டியை எடுத்துக்கொண்டு போனார். இன்றைக்கும் அந்த வண்டிக்கு என்னிடம்தான் சேர்விஸ்.

அன்றிலிருந்து ஒரு வண்டியைக் கொடுக்கும் முன் அந்த ஏற்றத்தில் நிறுத்தி, ஓட்டப் போகிறவரையே உள்ளே உட்காரவைத்து, பின்னால் போய் நிற்கிறேன். சிலர் என்னைப் பைத்தியக்காரன் என்று நினைக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பயம் விட்டுப்போகும் நாளில் நான் இந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.