நடுக்கூடத்துப் பூ

வெற்றிச்செல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த டீ பாதி செருப்பிலும் பாதி சேலையிலுமாகக் கொட்டியது. சுட்டதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

போனில் ஒரு படம், அவ்வளவுதான். பூலாம்பாடி சசிகலா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்த படம். ‘எங்கள் வீட்டு மகாலட்சுமிக்கு இன்று தொட்டில்’ என்று மேலே எழுதியிருந்தாள். பச்சைப் பட்டுச் சேலையில் கட்டிய தூளி. அதிலிருந்து ஒரு பிஞ்சுக் கால் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. தூளியின் மேல்முடிச்சு போய்ச் சேர்ந்த இடத்தில், வெள்ளை வெளேரென்று ஒரு பூ கூரையில் விரிந்திருந்தது. ஐந்தடி அகலம், முப்பத்திரண்டு இதழ், சுற்றிலும் மணிமாலை, நடுவில் தங்க நிறத்தில் ஒரு வளையம். அந்த வளையத்தில்தான் முடிச்சு இருந்தது.

அந்தப் பூவைச் செய்து மாட்டியவள் வெற்றிச்செல்வி. அந்த வளையம் ஒரு தேங்காயைக்கூடத் தாங்காது என்பது அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் இருக்கிற யாருக்கும் தெரியாது.

யார் இவள் என்று கேட்டால், பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் புது வீடு கட்டுகிறவர்கள் ‘பிஓபி வெற்றியா?’ என்பார்கள். அரியலூர்ப் பக்கம் ஊர். அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் காலம் தள்ளியவர்கள். இவள் பதினாறு வயதில் சித்தாளாகச் செங்கல் சுமக்கப் போனாள். ஒரு வீட்டில் வடக்கேயிருந்து வந்த ஆட்கள் கூரையில் வெள்ளை மாவைக் குழைத்துப் பூவும் கொடியும் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிஓபி என்கிற அந்த மாவு பத்து நிமிடத்தில் கல்லாகிவிடும். அதற்குள் பல் பல்லாக வெட்டிய தகரத்தை அதன்மேல் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். இழுத்தால் அலை அலையாக விளிம்பு விழும். சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் அசந்தபோது இவள் எடுத்து இழுத்துப் பார்த்தாள். கோணல் இல்லாமல் வந்தது. அவர்களுக்கே வாயடைத்துப் போயிற்று.

இப்போது நாற்பத்திரண்டு வயது. ஆறு பேர் அவளிடம் வேலை செய்கிறார்கள். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் வரிசையாகக் கட்டம் கட்டமாக வருவதற்குப் ‘பல்லு’ என்று பெயர் வைத்திருக்கிறாள். முட்டை முட்டையாகக் கோத்தது போல வரும் விளிம்புக்கு ‘முட்டை மாலை’. வாசல் தூண்களின் உச்சியில் சுருண்டு மடங்கும் இலைக்கு ‘முள்ளங்கித் தழை’. முன்பொரு நாள் ஒரு இன்ஜினியர் அவளிடம் சொன்னார்: “இந்தப் பல்லு இருக்கே, இது அந்தக் காலத்துல வெளிநாட்டுல மர உத்திரத்தோட முனைம்மா. நெசமாவே கூரையைத் தாங்குனது. பொறவு கல்லுல கட்டும்போது தாங்குறதை விட்டுட்டு முனையை மட்டும் வச்சுக்கிட்டாங்க.” அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. தாங்குகிற மாதிரி இருக்க வேண்டும், தாங்க வேண்டியதில்லை. இதைவிட நல்ல பிழைப்பு வேறு உண்டா என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தப் பிழைப்பில்தான் இன்று ஒரு தூளி தொங்கிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். சிங்கப்பூரில் இருபது வருடம் உழைத்துவிட்டு வந்த வைத்திலிங்கம், போன வருடம் பூலாம்பாடியில் அந்த வீட்டைக் கட்டினார். சசிகலா அவர் மனைவி, அபிநயா அவர்கள் மகள். கதவு அரும்பாவூர்ச் சிற்பிகள் செதுக்கியது, மற்ற அலங்காரமெல்லாம் வெற்றிச்செல்வி. நடுக்கூடத்தில் காங்கிரீட் போடும்போதே ஃபேனுக்கு ஒரு இரும்புக் கொக்கி விட்டிருந்தார்கள். இடையில் ஒரு சுவரைத் தள்ளிக் கட்டியதில், அந்தக் கொக்கி கூடத்தின் நடுவிலிருந்து ஒரு முழம் விலகிப் போயிற்று. பூவை எங்கே வைப்பது? கொக்கியில் வைத்தால் கோணல். வெற்றிச்செல்விக்குக் கோணல் என்றால் உடம்பெல்லாம் எரியும். காங்கிரீட்டுக்குக் கீழே போட்ட மாவுக் கூரைக்கு மேலே கொக்கியை மறைத்துவிட்டு, நூல் பிடித்து, நட்ட நடுவில் பூவை மாட்டினாள். விளக்கு தொங்கவிட வேண்டும் என்று சசிகலா கேட்டதற்காக, பூவின் நெஞ்சில் ஒரு வளையத்தை மாவிலேயே பதித்துத் தங்கப் பெயிண்ட் அடித்தாள். கண்ணாடி போல மின்னும் பிளாஸ்டிக் விளக்கு, அரைக் கிலோகூட இல்லை. அதற்கு மாவும், மாவைப் பிடித்து நிறுத்த அதில் கலக்கும் நாருமே போதும்.

அப்போது குஞ்சம்மாள் ஒரு வார்த்தை சொன்னாள். ஒரே தெருக்காரி, இவளைவிடப் பத்து வயது மூத்தவள், இவளிடம் இடக்கையால் மாவு குழைக்கிறவள்.

“மேஸ்திரி, கூடத்துல வளையம்னு ஒண்ணு இருந்தா நம்ம ஆளுங்க தூளியக் கட்டிப்புடுவாங்க. அந்தப் பொண்ணு அபிநயா வேற மாசமா இருக்கு.”

“குஞ்சக்கா, ஒனக்கு வேல தெரியுமா, எனக்குத் தெரியுமா? மாவு எறுகுது, அதப் பாரு!”

எல்லார் எதிரிலும் சொன்ன சொல். குஞ்சம்மாள் அதற்குமேல் வாய் திறக்கவில்லை. வெற்றிச்செல்வி அப்போதே அதை மறந்தும் போனாள்.

இப்போது பெரம்பலூரில், பாதி வேலை முடிந்த கல்யாண மண்டபத்துக்கு எதிர்க் கடையில் நின்றுகொண்டு சசிகலாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வைத்திலிங்கத்துக்குப் போட்டாள். அவரும் எடுக்கவில்லை. விசேஷ வீட்டில் மைக் செட் அலறும்போது போன் சத்தம் யார் காதில் விழும்? ‘தொட்டிலை அவுத்துருங்க அக்கா’ என்று பேசி அனுப்பினாள். ஒற்றை டிக் விழுந்தது. அதுவும் அப்படியே நின்றது. குஞ்சம்மாள் இன்று வேலைக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு ஸ்கூட்டியை எடுத்தாள்.

பூலாம்பாடிக்கு முக்கால் மணி நேரம். வழியெல்லாம் அவள் கண்ணில் ரோடே தெரியவில்லை. அந்தப் பிஞ்சுக் கால்தான் தெரிந்தது. புது வீடுகள் வரிசையாக வந்தன. தான் மாட்டிய முள்ளங்கித் தழைத் தூண்கள், தான் இழுத்த பல் வரிசைகள். எதுவும் எதையும் தாங்கவில்லை. தட்டினால் டொக் டொக்கென்று சத்தம் வரும் வெற்றுக் கூடுகள். இத்தனை நாள் பெருமையாகப் பார்த்தவற்றை இன்று திரும்பிப் பார்க்காமல் வண்டியை விரட்டினாள். இதில் எந்த வளையத்தில் எவள் தூளி கட்டியிருக்கிறாளோ! அரும்பாவூர் தாண்டும்போது, குலதெய்வத்தின் பெயர் வாயில் வராமல் ‘நார் புடிக்கணும், நார் புடிக்கணும்’ என்று சொல்லிக்கொண்டே போனாள்.

வீட்டு வாசலில் பந்தல், ஐம்பது அறுபது செருப்பு, உள்ளே தாலாட்டு. தூளி ஆடிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்று ஆளுக்கு மூன்று தரம் ஆட்டிவிட்டுப் போனார்கள். ஆட்ட ஆட்ட அந்த வளையம் நெறுநெறுக்கிற சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. வெற்றிச்செல்வி யாரையும் கேட்கவில்லை. தலையெல்லாம் வெள்ளை மாவும், சேலையெல்லாம் டீக் கறையுமாகக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், தூளிக்குள் கையை விட்டுக் குழந்தையை அள்ளி எடுத்துவிட்டாள்.

பாட்டு நின்றது. நாற்காலியில் இருந்த அபிநயா வீறிட்டுக்கொண்டு எழுந்தாள்.

“ஏய் வெற்றி! என்னடி பண்ற?” சசிகலாவின் குரல் கீச்சிட்டது. “பச்சப்புள்ள! கை காலுகூடக் கழுவாம...”

“எல்லாரும் தள்ளிப் போங்க! பூவுக்குக் கீழ நிக்காதீங்க!” வெற்றிச்செல்வி குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி சுவரோரம் ஒண்டிக்கொண்டாள். “சார், அது வெறும் மாவு சார். வளையத்துக்கு மேல ஒண்ணுமில்ல.”

அந்தக் கூடத்தில் அவள் இருபது நாள் வேலை செய்திருக்கிறாள். ஆனாலும் அந்த வீட்டுப் பிள்ளையை அவள் தொட்டதைப் பார்த்தவர்களின் முகம் போன போக்கை அவள் கவனிக்காமல் இல்லை. எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வைத்திலிங்கம் முன்னால் வந்தார். முகம் சிவந்திருந்தது.

“காலைல எட்டு மணிலேர்ந்து ஆடிக்கிட்டுதான் இருக்கு. ஒண்ணும் ஆவல. பாத்துப் பாத்துக் கட்டுன வூடு இது. இதுல போய் வெறும் மாவா? நீதானே மாட்டுன?”

“நாந்தான் சார் மாட்டுனேன். அதனாலதான் சொல்றேன்.”

“இப்பப் பாரு!” என்று தூளியை இரண்டு கையாலும் பற்றி, முழுப் பலத்தோடு கீழே இழுத்தார்.

படாரென்று ஒரு சத்தம். முப்பத்திரண்டு இதழும் ஒரே சமயத்தில் கீறிவிட்டன. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு துண்டு பெயர்ந்து நேராகத் தூளிக்குள் விழுந்தது. சற்று முன் குழந்தையின் தலை இருந்த இடத்தில் அது கிடந்தது. மணிமாலை உதிர்ந்து தரையெல்லாம் உருண்டது. வெள்ளைப் புழுதியில் கூடமே மறைந்தது. பெண்கள் அலறினார்கள். வைத்திலிங்கம் பேயறைந்தவர் போல, தூளியை விடவும் தோன்றாமல் நின்றார்.

புழுதி அடங்கியதும் எல்லாரும் மேலே பார்த்தார்கள். வெற்றிச்செல்வியும் பார்த்தாள். அவளுக்கு இரண்டாவது அதிர்ச்சி அங்கே காத்திருந்தது.

பூ போய்விட்டது. வளையம் போகவில்லை. தூளியும் விழவில்லை. கூரையில் விழுந்த ஓட்டைக்குள்ளிருந்து, விரல் தடிமனுக்கு முறுக்கிய கட்டுக்கம்பி ஒன்று சாய்வாக இறங்கி, வளையத்தைக் கவ்விப் பிடித்திருந்தது. அதன் மறுமுனை, ஒரு முழம் தள்ளி, அவள் மறைத்துவைத்த அதே இரும்புக் கொக்கியில் சுற்றியிருந்தது.

காலையிலிருந்து பிள்ளையைத் தாங்கியது அந்தக் கம்பி. அது இல்லாவிட்டால் முதல் ஆட்டத்திலேயே... அதற்குமேல் அவளால் நினைக்க முடியவில்லை. குழந்தையோடு சுவரோரமாகவே உட்கார்ந்துவிட்டாள். அபிநயா ஓடிவந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். வாங்கியவள் வெற்றிச்செல்வியின் மணிக்கட்டை விடவே இல்லை. அந்தப் பிடி வலித்தது.

“கொக்கிய ஏன் மறச்ச?” சசிகலா கேட்டாள். கோபமா அழுகையா என்று தெரியாத குரல்.

“பூ நடுவுல வரணும்னு மறச்சேங்க்கா. அழகுக்காக.”

“அப்ப இந்தக் கம்பி?”

“அது நான் கட்டுனது இல்ல.”

ஏணி போட்டு ஏறிப் பார்த்தாள். கம்பி இடப்பக்கமாக முறுக்கியிருந்தது. யார் கையிலும் குத்தாதபடி நுனி உள்ளே மடித்து விடப்பட்டிருந்தது. அவளிடம் வேலை செய்கிறவர்களில் இடக்கைக்காரி ஒருத்திதான்.

மாலை ஐந்து மணிக்குத் தன் ஊருக்குள் நுழைந்தபோது, குஞ்சம்மாள் வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். வெற்றிச்செல்வி ஸ்கூட்டியைச் சாய்த்தது சாய்த்தபடி விட்டுவிட்டுப் போய் நின்றாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். குஞ்சம்மாள் தழையைக் கீழே போட்டுவிட்டாள்.

“புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?”

“இல்லக்கா. நீ எப்பக்கா கட்டுன?”

“நீங்கள்லாம் சாப்புடப் போனீங்கள்ல, அப்ப. கண்ணுக்குத் தெரியாம மாவு வச்சு மூடிட்டேன். நீ நூல் புடிச்ச எடத்த அசைக்கல, மேஸ்திரி.”

“ஏங்க்கா எங்கிட்டச் சொல்லல?”

குஞ்சம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். குத்திக்காட்டுகிற பார்வை இல்லை. தெரிந்த விஷயத்தை ஏன் கேட்கிறாய் என்கிற பார்வை.

“சொன்னேனே. ஒருதரம் சொன்னேன். ரெண்டாந்தரம் சொன்னா, நாளைலேர்ந்து வர வேணாம்னு சொல்லிருவியோன்னு பயமா இருந்துச்சு.”

பயம்! வெற்றிச்செல்விக்குக் காலையில் வந்த நடுக்கமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆயிற்று. ‘எங்கிட்ட வேல பாக்குறவங்க வாயத் தொறந்து பேசலாம், நான் பழைய மேஸ்திரிங்க மாதிரி இல்ல’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள். சித்தாளாக இருந்த காலத்தில் எத்தனை மேஸ்திரிகளிடம் எத்தனை முறை வாயை மூடிக்கொண்டு போனாள் என்பதெல்லாம் அவளுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. அவளைப் பார்த்தும் ஒருத்தி பயந்திருக்கிறாள். ஒரே தெருக்காரி, தான் அக்கா என்று கூப்பிடுகிற ஒருத்தி, திருட்டுத்தனமாக ஏணியில் ஏறி ஒரு பிள்ளையின் உயிரைக் கட்டி வைத்துவிட்டு, அதைச் சொல்லப் பயந்து ஒரு வருடம் வாய் மூடியிருக்கிறாள். வெற்றிச்செல்விக்கு அழுகை வந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தும் அவள் முகத்தை மூடிக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் பூலாம்பாடிக்குப் புதுப் பூவை எடுத்துக்கொண்டு போனார்கள். வெற்றிச்செல்வி நூலை எடுக்கவில்லை. எல்லார் எதிரிலும், “குஞ்சக்கா, எங்க மாட்டலாம், நீ சொல்லு” என்றாள். குஞ்சம்மாள் தயங்கித் தயங்கிக் கொக்கியைக் காட்டினாள். முதலில் அந்தக் கொக்கியில் கயிற்றைக் கட்டி, வெற்றிச்செல்வி தானே இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். பிறகுதான் பூவை ஏற்றினார்கள்.

அந்தக் கூடத்துப் பூ இப்போது நடுவிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் ஏன் இப்படிக் கோணலாக என்று கேட்கிறார்கள். அபிநயா அந்தக் கொக்கியில் கட்டிய தூளியை இன்னொரு தரம் ஆட்டிவிடுகிறாள்.